நாலு வாரம் முந்திப் போன குருத்தோலை

பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், எந்த வருஷம் எந்தத் தேதியில் வரும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாங்கம் ஒன்று கையில் இருந்தால் போதும், காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். இத்தனைக்கும் நான் கிறிஸ்தவன் இல்லை. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர்ப் பக்கம், தென்னைக்கும் வாழைக்கும் நடுவில் பிறந்தவன். நாலாம் வகுப்பில் வாத்தியார் அடித்த அடியோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கற்றதெல்லாம் மரத்திடமும் மனுஷரிடமும்தான்.

இன்று எனக்குத் தேங்காய் மண்டி இருக்கிறது, மூன்று லாரி இருக்கிறது, கே.கே. நகரில் மாடிவீடு இருக்கிறது. புத்தூரில் நான் கட்டிய கட்டடத்தில் ஒரு டாக்டர் வாடகைக்கு இருக்கிறார். அவர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். கைலாசபுரத்தில் வீடுகள் எழும்பிக் குடித்தனங்கள் வந்தபோது அங்கே போன முதல் தேங்காய் மூட்டை என்னுடையதுதான். அப்பா வைத்துவிட்டுப் போனது ஒன்றுமில்லை. எல்லாம் இந்தக் கை சேர்த்தது.

இதோடு, படித்தவர்களே வாயடைத்துப் போகிற ஒரு படிப்பும் என்னிடம் இருக்கிறது. கிறிஸ்தவர்களின் பண்டிகை ஒவ்வொன்றுக்கும் அந்தப் பேர் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். காலேஜில் பாடம் எடுத்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன், "கிறிஸ்மஸ்ங்கிறீங்களே சார், கடைசியில நிக்கிற அந்த 'மஸ்' என்னது?" முழித்தார். "பூசை சார், பூசை. கிறிஸ்து பிறந்ததுக்கு வைக்கிற பூசை" என்றேன். "எங்கே படிச்சீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். எங்கே படித்தேன் என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். என் மனைவியிடம் எப்போதோ சொல்லிவிட்டேன், அதனால் பயமில்லை.

அது ஐம்பதுகள். எனக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது. அந்த வயதிலேயே தோப்புக் குத்தகை எடுத்து, ஆள் வைத்துக் காய் வெட்டி, சொந்த வண்டியில் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பாலக்கரைக்கு அந்தப் பக்கம் சந்துக்குள் ஒரு சின்ன மாதா கோயில். அங்கிருந்து ஒருநாள் ஆள் வந்தது. குருத்து ஞாயிறுக்குக் குருத்தோலை வேண்டும், வழக்கமாகக் கொடுத்தவர் படுத்துவிட்டார் என்றது. மறுவாரம் சனிக்கிழமை அறுபது கட்டு ஏற்றிக்கொண்டு போனேன். குருத்து என்றால் தென்னையின் உச்சியில் இன்னும் விரியாமல் இருக்கிற இளஓலை. வெயில் படாத ஓலை என்பதால் மஞ்சளும் வெள்ளையும் கலந்து, தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். வெட்டியவுடன் ஈரச் சாக்கில் சுற்ற வேண்டும். என்னைப்போல் சுற்ற அன்றைக்கும் ஆள் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

கோயில் முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து ஓலையைக் கிழித்துச் சிலுவை பின்னிக்கொண்டிருந்தார்கள். கோயிலைக் கூட்டுவது, மணி அடிப்பது, பூசைக்கு எடுத்து வைப்பது எல்லாம் பார்க்கிறவரைக் கோயில்பிள்ளை என்பார்கள். அந்தக் கோயில்பிள்ளையின் மகள் ஓலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் மூன்று முடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டை இறக்கி, "என்ன பண்டிகைங்க இது, எங்க தோப்பை மொட்டை அடிக்கிற பண்டிகை?" என்று கேட்டேன்.

பல்லில் இருந்த ஓலையை எடுக்காமலே சொன்னாள். "எருசலேம் ஊருக்குள்ள ஆண்டவர் கழுதை மேல வந்தப்ப சனங்க ஓலையை வெட்டி வழியில போட்டாங்க. அதான் குருத்து ஞாயிறு. அங்க தென்னை இல்ல. பேரீச்சை. நமக்கு எது கிடைக்குதோ அதை வச்சுப் பேரு."

"அப்ப நான் இல்லைன்னா இந்தப் பண்டிகைக்குப் பேரே இல்லைன்னு சொல்லுங்க."

"நீங்க இல்லைன்னா இன்னொருத்தர் வண்டி" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அதிலிருந்து வருஷத்தில் ஐந்தாறு தடவை அங்கே போனேன். பெரிய திருநாள் ஒவ்வொன்றுக்கும் கோயிலுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு வாழைமரம், நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் பூ, டிசம்பரில் குடில் போடத் தென்னங்கீற்றும் வைக்கோலும். பூ என் தொழில் இல்லை. அவளைப் பார்ப்பதற்காகப் பூவும் என் தொழில் ஆனது. பொருளை இறக்கிவிட்டு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம்தான் எங்கள் பேச்சு. அவள் அப்பா அங்கேதான் இருப்பார், பெண்கள் போவார்கள் வருவார்கள். மறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஒரு பண்டிகைப் பேர் கேட்பேன், அவள் காரணம் சொல்வாள். எட்டாவது வரை படித்தவள். பூசை வைக்கிற சாமியாரின் பங்களாவிலிருந்து தடிப் புத்தகங்களை வாங்கி அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாளாம்.

விபூதிப் புதன் என்று ஒரு நாள் உண்டு என்று கேட்டு நான் திகைத்தேன். "விபூதி எங்களுதுங்க. அதை எப்பங்க எடுத்தீங்க?"

"சாம்பலுக்கு உங்களுது எங்களுதுன்னு உண்டா? போன வருஷம் மந்திரிச்ச குருத்தோலையைச் சனங்க வீட்டுல படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிருப்பாங்க. அதைத் திரும்ப வாங்கி எரிச்சு அந்தச் சாம்பலைத்தான் நெத்தியில பூசுறாங்க. மனுசனே, நீ மண்ணுன்னு சொல்லிப் பூசுவாரு சாமியார். அதுலேர்ந்து நாப்பது நாள் தபசு காலம்."

நான் வெட்டிக் கொடுத்த ஓலை அத்தனை வீடுகளில் ஒரு வருஷம் படத்துக்குப் பின்னால் இருந்து, பிறகு நெற்றிக்கு வருகிறது என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு விரிந்தது. ஊரில் போய் எல்லாரிடமும் சொன்னேன்.

பெரிய வெள்ளியைத்தான் நான் முதலில் தப்பாக நினைத்திருந்தேன். பெரிய என்றால் கொண்டாட்டம் என்று நினைத்து, முதல் வருஷம் அன்றைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு போனேன். கோயிலில் மணிச் சத்தமே இல்லை. அவள் அப்பா மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு சந்து முழுக்கச் சுற்றி வந்தார். சுரூபங்களை, அதாவது சிலைகளை, எல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். எல்லார் முகத்திலும் சாவு வீடு. அவள் தூக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆண்டவர் செத்த நாளுங்க இது. வெள்ளைக்காரங்க இதை நல்ல வெள்ளின்னுதான் சொல்றாங்க. அவங்க பாஷையில அந்த நல்லதுக்குப் புனிதம்னும் பழைய அர்த்தம் இருக்காம். நமக்குப் பெரிய வெள்ளி. துக்கமும் பெரிசா இருக்கலாமில்ல?" என்றாள். பிறகு மெதுவாக, "தூக்கை இங்க வச்சுட்டுப் போங்க. நாளைக்கு ராத்திரிக்கு மேல சாப்பிடலாம். கெட்டாலும் பரவாயில்ல" என்றாள். கெட்டாலும் பரவாயில்லை என்ற அந்தச் சொல்லை நான் பாலம் தாண்டும் வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவளும் என்னைக் கேட்பாள். வைகுண்ட ஏகாதசிக்கு வாசல் திறப்பது எதற்கு, பங்குனி உத்திரத்தில் சேர்த்தி என்றால் என்ன என்று. சேர்த்தியை நான் நன்றாகச் சொன்னேன், அது எங்கள் ஊர்ச் சமாச்சாரம். பெருமாளும் தாயாரும் ஒரே ஆசனத்தில் சேர்ந்து உட்கார்வது வருஷத்திலேயே அன்றைக்கு ஒருநாள்தான். "ஒருநாள்தானா?" என்று கேட்டாள். "ஒருநாள்தான். அதுக்கே சனம் அலைமோதும்" என்றேன். தெரியாததைக் கேட்டால் நானே ஏதாவது கட்டிச் சொல்லிவிடுவேன். அவள் கண்டுபிடித்துவிடுவாள். "இது உங்க சொந்தச் சரக்கு" என்பாள்.

பாஸ்கு என்றால் கடந்து போவது என்று சொன்னவளும் அவள்தான். எகிப்து தேசத்தில் அடிமைகளாக இருந்தவர்கள் வாசல் நிலையில் ஆட்டு ரத்தம் பூசி வைத்தார்களாம். சாவு அந்த வீடுகளைத் தொடாமல் கடந்து போனதாம். அப்படிக் கடந்து போனதற்குத்தான் பாஸ்கு என்று பேர், யூதர் பாஷை. அது பௌர்ணமிக்குக் கணக்கு. பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு பாஸ்கு, அதற்கு முந்தின ஞாயிறு குருத்து. இதைக் கேட்டதும் நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். பங்குனிப் பௌர்ணமியைப் பிடித்து எண்ணினேன். அந்த வருஷம் சரியாக வந்தது. அடுத்த வருஷமும் சரியாக வந்தது. கோயிலிலிருந்து ஆள் வந்து தேதி சொல்வதற்கு முன்பே வண்டியோடு போய் நின்றேன். அவள் அப்பாவே அசந்துபோனார். "நம்ம சாமியார் ரோமாபுரியிலேர்ந்து கணக்கு வாங்குறாரு, இந்தத் தம்பி ஸ்ரீரங்கத்துலேர்ந்து வாங்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வருஷம், பிப்ரவரி தொடக்கத்தில் மெழுகுதிரித் திருநாள் வந்தது. குழந்தை இயேசுவைத் தாய் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போன நாள், ஒளி வந்தது என்று அன்றைக்கு மெழுகுதிரி மந்திரிப்பார்கள், அதனால் அந்தப் பேர். எனக்கு அங்கே வேலையே இல்லை. இளநீர் நாலு குலை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வண்டிப் பக்கம் வந்து, பேர்க்காரணம் ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

"பொன்மலையிலேர்ந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க" என்றாள். "மாப்பிள்ளை ரயில்வே ஒர்க்ஷாப்புல பிட்டரு. தபசு காலத்துல கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. பாஸ்கு முடிஞ்ச மறுநாள் வந்து கையோட பேசி முடிச்சிருவாங்க."

நான் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரி செய்துகொண்டே இருந்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள். "எல்லாத்துக்கும் வாய் இருக்கே உங்களுக்கு."

"உங்கப்பாகிட்ட நான் கேக்குறேன்" என்றேன். "நான் ஞானஸ்நானம் வாங்கிக்கிறேன். எங்க வீட்டுல குதிப்பாங்க, குதிச்சுட்டுப் போறாங்க. நான் யாரு சோத்தையும் திங்கல."

அவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இப்பக் கேட்டா சாமியார்கிட்ட ஓடுவாரு. அவரு ஒருநாள்தான் அவரா இருப்பாரு. குருத்து ஞாயிறு பூசை முடிஞ்சதும் வேலை செஞ்சவங்களை எல்லாம் முத்தத்துல உக்கார வச்சுப் பந்தி போடுவாரு. சாமியாருக்கும் முன்னாடி அவரு கையாலதான் பரிமாறுவாரு. அன்னைக்கு அவர்கிட்ட யாரு என்ன கேட்டாலும் இல்லைன்னு வராது. அன்னைக்குக் கேளுங்க. அதை விட்டா பெரிய வாரம், யாரும் பேச மாட்டாங்க. அதுக்கப்புறம் பாஸ்கு. அவ்வளவுதான்."

"சரி."

"தேதி சொல்லட்டுமா? இந்த வருஷம்..."

"எனக்கா?" என்றேன். "எனக்குத் தேதி சொல்றீங்களா நீங்க? நானே பாத்துக்குறேன்."

"இல்லைங்க, அந்தக் கணக்குல இன்னொண்ணு இருக்கு..."

"நீங்க சிலுவையைப் பின்னுங்க. கணக்கை என்கிட்ட விடுங்க."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொல்ல வந்ததை நான் வாங்கிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் பேச்சை நான் பாதியில் வெட்டியிருக்கிறேன். அதில் ஒன்றுக்காகத்தான் வருந்துகிறேன்.

விபூதிப் புதன் வந்தபோது நான் குளித்தலைப் பக்கம் காய் வெட்டில் இருந்தேன். அங்கே நான் இருந்த ஊரில் கிறிஸ்தவர் வீடு ஒன்றுகூட இல்லை, இருந்திருந்தால் அந்தச் சாம்பலைப் பார்த்து நாற்பது நாளை எண்ணியிருப்பேன். பங்குனி பிறப்பதற்கு முன்பே ஊர் திரும்பினேன். அந்த வருஷம் பௌர்ணமி பங்குனி தொடக்கத்திலேயே விழுந்தது. எண்ணினேன். சனிக்கிழமை காலையில் தோப்பு முழுக்க ஆளை ஏற்றிக் குருத்து இறக்கினேன். எண்பது கட்டு, எப்போதும் போடுவதைவிட இருபது கூட. புது வேட்டி, புதுச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை பந்தியில் உட்கார வேண்டுமே. பாலத்தில் வண்டி போகும்போது அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன். தொடக்கம் மட்டும் நாலு விதமாக வைத்திருந்தேன்.

முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் பீடத்துத் துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிலுவை பின்ன யாரும் உட்காரவில்லை. நான் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திச் சாக்கை விலக்கினேன். மஞ்சள் ஓலை வெயிலில் பளபளவென்று மின்னியது.

அவள் அப்பா ஏணியிலிருந்து இறங்கி வந்தார். ஓலையைப் பார்த்தார். "தம்பி, இது எதுக்கு?"

"என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? நாளைக்குக் குருத்து ஞாயிறு."

"நாளைக்கா?" என்றார் அவர். "குருத்துக்கு இன்னும் நாலு வாரம் இருக்கே தம்பி."

பாட்டுக் கோஷ்டியில் உச்சத்தில் பாடுகிற ஒரு அக்கா உண்டு. துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே அந்தக் குரலில் சொன்னார், "ஆண்டவரு இன்னும் கழுதையே பிடிக்கப் போகல, அதுக்குள்ள ஓலை வந்துருச்சு!"

முற்றமே சிரித்தது. இன்னொருத்தி, "ஸ்ரீரங்கத்துப் பஞ்சாங்கத்துல நம்ம சாமி சீக்கிரமா உயிர்த்துட்டாருடி" என்றாள். துணி பிழிகிறவர்கள் துணியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவள் அப்பாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொடிக்குப் பின்னாலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள், புது வேட்டியைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமானது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

நான் சாக்கை இழுத்து மூடினேன். வண்டியைத் திருப்பினேன். வாசலுக்கு ஓடி வந்தாள், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு. "பௌர்ணமி சரிதாங்க. ஆனா பகலும் ராத்திரியும் சரிசமமா இருக்கிற நாள்னு ஒண்ணு இருக்கு, மார்ச் இருபத்தொண்ணு. அன்னைக்கோ அதுக்கப்புறமோ வர்ற பௌர்ணமிதான் கணக்கு. இது அதுக்கு முந்தியே வந்துருச்சு. அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்." அவள் தேதியைச் சொன்னாள். "வந்துருங்க. வருவீங்கல்ல?" என்றாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் மாட்டை அதட்டினேன். அதுதான் அவளுக்கு நான் சொன்ன பதில்.

எண்பது கட்டும் வீணாகவில்லை, அதில் நான் கெட்டிக்காரன். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உற்சவம் நடந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நாலு வீதித் தண்ணீர்ப் பந்தல்களிலும் என் குருத்துதான் தோரணமாகத் தொங்கியது. இதற்காகத்தான் வெட்டினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் மெச்சினார்கள். சேர்த்தி நாளன்று கூட்டத்தில் நின்று, அந்த ஓலைகள் வாடித் தொங்குவதைப் பார்த்துவிட்டுச் சந்நிதிக்குள் போகாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாலு வாரம் முடிகிற சமயம் வந்தது. தோப்புக்காரரிடம் போனேன். ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர், வயசானவர். "ஒரு மரத்துக்கு ஒரு தரம்தான்டா. மறுபடி அரிவாளை வச்சா மரம் படுத்துடும். பெருமாள் குடுத்த பிராணன் அதுக்கும் இருக்கு" என்றார். அது நியாயம். ஆனால் குளித்தலையில் எனக்குத் தெரிந்த தோப்பு இருந்தது, முசிறியில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஓலை இல்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓலையே இல்லாமல் வெறுங்கையோடுகூடப் போயிருக்கலாம். பந்தியில் உட்கார ஓலை எதற்கு? அந்த முற்றத்தில் மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தால் தாங்க முடியாது என்பதுதான் உண்மை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டினேன். கோயிலுக்கு எதிரே சைக்கிள் கடை. உள்ளே தொங்குகிற டயர்களுக்குப் பின்னால் நின்றேன். பவனி சந்து முனையிலிருந்து வந்தது. யாரோ கொடுத்த ஓலை, முற்றி விரிந்த பச்சை ஓலை, குருத்தே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடினார்கள். பெண்கள் வரிசையில் அவள் வந்தாள். வேப்பமரத்தடியைப் பார்த்தாள். என் வண்டி நிற்கிற இடம் காலியாக இருந்தது. கோயில் படி ஏறும்போது இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பூசை முடிகிற வரை நின்றேன். பந்திக்குப் பாய் விரித்தார்கள். இலை போடுகிறது வாசல் வழியாகத் தெரிந்தது. தெருவைக் கடந்தால் முப்பது அடி. ஒரு காலை எடுத்துத் தெருவில் வைத்துவிட்டேன். அப்போது உள்ளே யாரோ எதற்கோ சிரித்தார்கள். என்னை நினைத்துச் சிரித்திருக்க மாட்டார்கள், அது இப்போது தெரிகிறது. அப்போது காது சூடாகிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த முப்பது அடியை நான் கடக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊருக்கு லாரி விட்டிருக்கிறேன்.

பாஸ்கு முடிந்து இரண்டு நாள் கழித்து அவள் அப்பாவே ஆற்றைத் தாண்டி என்னைத் தேடி வந்தார். பொன்மலைக்காரர்கள் வந்து பேசி முடித்துவிட்டார்களாம். வைகாசியில் கல்யாணம். பந்தலுக்குக் கீற்றும் வாழைமரமும் நான்தான் தர வேண்டும் என்றார். நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "குருத்து அன்னைக்கு உனக்கு இலை போட்டு வச்சிருந்துச்சு தம்பி, பொண்ணு. மூணு பந்தி முடிஞ்சது. எடுக்கப் போனவங்களை எடுக்க விடல. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

"ஆமாங்கய்யா. காய்ச்சல்" என்றேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டியது என்று சாமியார் படிப்பார். அந்தக் காலத்தில் பனையோலையில் எழுதிப் படித்ததால் இன்றைக்குக் காகிதமானாலும் அதற்கு ஓலை என்றுதான் பேராம். முதல் ஞாயிறு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கேட்டேன். இரண்டாவது ஞாயிறு வாசலில் நின்றேன். மூன்றாவது ஞாயிறு போகவில்லை.

பந்தல் மட்டும் நான் போட்டேன். அந்தச் சந்தில் அப்படி ஒரு பந்தல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குலையோடு வாழைமரம், இளநீர்க் கொத்து, தூணுக்குத் தூண் குருத்துப் பின்னல். குளித்தலை, முசிறி இரண்டு ஊரிலிருந்தும் இறக்கினேன். கல்யாணத்துக்கு முதல்நாள் நான் கடைசிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வெளியே வந்தாள். கையில் மருதாணி. அண்ணாந்து பந்தலைப் பார்த்தாள்.

"தேதி சரியாப் பாத்துட்டுத்தான் கட்டுறீங்களா?"

"இந்தத் தடவை உங்கப்பா எழுதிக் குடுத்தாரு."

சிரித்தாள். பிறகு, "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள்.

"எல்லாருந்தான் சிரிச்சாங்க."

"எல்லாரும் சிரிக்கலாம்" என்றாள்.

இதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குருத்து ஞாயிறன்று வந்து தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். கயிற்றில் முடிச்சு விழுந்துவிட்டது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போகிற போக்கில், "அடுத்து பெந்தெகோஸ்தே வருது" என்றாள். "பாஸ்கு ஞாயித்துக்கிழமையை ஒண்ணுன்னு வச்சு எண்ணினா அம்பதாவது நாள். அந்தப் பேருக்கே அம்பதுன்னுதான் அர்த்தம். அதுல நிலா கிடையாது. தப்பாது."

கல்யாணம் முடிந்த மறுநாளே மாப்பிள்ளைக்குப் பெரம்பூருக்கு மாற்றலாகி ரயில் ஏறிவிட்டார்கள்.

நான் எண்ணினேன். ஐம்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குப் போனேன். வண்டி எடுத்துப் போகவில்லை. சாமியார் சிவப்பு உடுப்பில் இருந்தார். பரிசுத்த ஆவி சீஷர்கள் தலைமேல் நெருப்பு நாக்கு மாதிரி இறங்கிய நாளாம், அதனால் சிவப்பு. இதை நானே யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூட்டம் கலைந்ததும் அவள் அப்பா என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன தம்பி, இன்னைக்கு ஒண்ணும் சொல்லி விடலையே?"

"சும்மாதாங்கய்யா வந்தேன்."

"வா" என்று வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஒண்டி வீடு. தாயில்லாத பெண்ணை வளர்த்துக் கொடுத்துவிட்டுத் தானே சமைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு இலை போட்டார். எதிரே அவரும் உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில், "கடுதாசி வந்துச்சு. சௌக்கியமாம்" என்றார்.

"சந்தோசங்கய்யா" என்றேன்.

வேறு என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் எடுத்துக் காட்டவில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். "நல்லா சாப்பிடு தம்பி" என்றார்.